உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்: 1916-இன் அயர்லாந்துக் கவிஞர்கள்

குருமடத்தில் பயின்ற நாள்களில் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்ட ஆங்கிலக் கவிதை ஒன்று உண்டு. பன்னிரண்டே அடிகள். இயற்கையில் எங்கு நோக்கினும் பாடுபட்ட ஆண்டவரின் சுவடுகளைக் காணும் கவிதை. குருவான பின்னர்ப் பெரிய வெள்ளி மறையுரைகளில் அதனைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். கேட்டோர் கண்கலங்கியதும் உண்டு. எழுதியவர் ஜோசப் மேரி பிளங்கெட் என்பதும், அவர் அயர்லாந்துக் கத்தோலிக்கர் என்பதும் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்று நான் கேட்டதில்லை. 1916 மே 4 அன்று, தம் இருபத்தெட்டாம் வயதில், டப்ளின் நகரின் கில்மெய்னம் சிறை முற்றத்தில் ஆங்கிலேயப் படையினரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர்தான் அதே சிறையின் சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபோர்டு என்னும் பெண்ணை மணந்திருந்தார். இச்செய்திகளை வெகுகாலம் கழித்தே அறிந்தேன். அறிந்த பின்னர் அக்கவிதையை முன்போல் வாசிக்க இயலவில்லை. அது பொய்யாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பேசப்படும் இரத்தம் இனி யாருடைய இரத்தமாக வாசிக்கப்படும் என்னும் ஐயம் என்னுள் எழுந்தது.

அந்த ஐயத்தின் வழியே சென்றபோது ஒரு சிறிய நாட்டின் ஓராண்டு வாழ்வு முழுவதும் என்முன் விரிந்தது. ஏறத்தாழ நாற்பத்து நான்கு இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவு அது. அந்த ஓராண்டைக் கவிஞர்களே தொடங்கினார்கள் என்றும், கவிஞர்களே அதற்குப் பொருள் எழுதினார்கள் என்றும் சொன்னால் மிகையாகாது. குடியரசு அறிக்கையில் ஒப்பமிட்ட எழுவரில் பாட்ரிக் பியர்ஸ், தாமஸ் மக்டோனா, பிளங்கெட் ஆகிய மூவர் கவிஞர்கள். மக்டோனா பல்கலைக்கழகத்தில் இலக்கிய விரிவுரையாளர். இளமையில் துறவற சபை ஒன்றில் பயிற்சி பெற்று வெளியேறியவர். பியர்ஸ் பள்ளி ஆசிரியர். 1908-இல் அயர்லாந்து மொழியை முதன்மையாகக் கொண்டு தூய எண்டா பெயரில் ஒரு பள்ளியை நிறுவியவர். (அந்தப் பள்ளியின் கட்டட நிதிக்காக 1913-இல் டப்ளின் அபே அரங்கில் நடிக்கப்பட்ட நாடகங்களுள் ஒன்று நம் தாகூரின் ‘அஞ்சலகம்’ என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.)

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுச்சி உயிர்த்த ஞாயிறன்று, அதாவது ஏப்ரல் 23-இல், தொடங்குவதாகத் திட்டம். தன்னார்வலர் படையின் தலைவரான ஓவன் மக்நீல் கடைசி நேரத்தில் அதனைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஆகவே மறுநாள், பாஸ்கா திங்களன்று, குறைந்த ஆள்களோடு டப்ளினின் தலைமை அஞ்சலகமும் வேறு சில கட்டடங்களும் கைப்பற்றப்பட்டன. ஏப்ரல் 29, சனிக்கிழமை, சரணடைந்தார்கள். ஆறு நாள்களில் ஏறத்தாழ 485 பேர் மடிந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத நகரமக்கள். நாற்பது பேர் பதினாறு வயதைத் தாண்டாத பிள்ளைகள். மே 3 முதல் 12 வரை டப்ளின் சிறையில் பதினான்கு பேரும், கார்க் நகரில் ஒருவரும் சுடப்பட்டனர். ரோஜர் கேஸ்மென்ட் ஆகஸ்டு 3 அன்று இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். சரணடைந்தவர்களை வசைபாடிய அதே நகரமக்கள், நாள்தோறும் இருவர் மூவராகச் சுடப்பட்ட செய்தி வர வர, மனம் மாறினர்.

பாஸ்காவைத் தேர்ந்தது தற்செயலன்று. அயர்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் ‘எழுதல்’ என்னும் சொல் கிளர்ச்சிக்கும் உரியது. உயிர்ப்புத் திருநாளையொட்டி அது நிகழ்ந்தபோது இரு பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. தமிழ் இவ்வகையில் நல்வாய்ப்புப் பெற்ற மொழி. நமக்கு எழுச்சி வேறு, உயிர்ப்பு வேறு. நம் முன்னோர் ‘உத்தானம்’ என்ற காலத்திலும் அச்சொல்லை எந்தப் புரட்சிக்கும் எவரும் கடன் கொடுத்ததில்லை.

பியர்ஸின் எழுத்தில் இந்தக் கடன் வாங்கல் நெடுங்காலமாகவே நடந்துகொண்டிருந்தது. 1912-இல் அவருடைய பள்ளியில் நடிக்கப்பட்ட ‘அரசன்’ என்னும் நாடகத்தில், பாவியான மன்னன் தோற்றுக்கொண்டே இருக்கிறான். மாசற்ற சிறுவன் ஒருவனை அரசனாக்கிப் போருக்கு அனுப்புகிறார்கள். சிறுவன் மாள, நாடு வெல்கிறது. நடித்தவர்கள் அப்பள்ளியின் பிள்ளைகள். நான்காண்டுகளுக்குப் பின் அப்பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் தலைமை அஞ்சலகத்தினுள் துப்பாக்கியுடன் நின்றனர். 1915-இல் எழுதிய ‘பாடகன்’ நாடகத்தில் கருத்து இன்னும் வெளிப்படையாகிறது. நாயகன் மக்தாரா, உலக மீட்பைத் தனியொருவர் நிறைவேற்றியதுபோல் ஒரு நாட்டின் விடுதலையையும் தனியொருவன் நிறைவேற்றலாம் என்று நம்பி, ஆயுதமின்றி எதிரிகளை நோக்கி நடக்கிறான். நாடகம் அவன் வெளியேறுவதோடு முடிகிறது. அவன் சாவை நாம் காண்பதில்லை; அவனைச் சுற்றி நிகழும் சாவுகளையும் காண்பதில்லை.

இந்த நாடகத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரம். மக்களுக்காக ஒருவன் சாவது நலம் என்னும் கணக்கை நற்செய்தியில் முதலில் சொன்னவன் யார்? கயபா. நற்செய்தியாளர் அவன் வாயில் இறைவாக்கு இருந்தது என்று காட்டுகிறார். ஆனால் அவன் நெஞ்சில் இருந்தது அரசியல் கணக்கு. பியர்ஸைக் கயபாவோடு ஒப்பிடுவது அநீதி. கயபா பிறரைக் கையளித்தான், பியர்ஸ் தம்மையே கையளித்தார். எனினும் அந்த வாக்கியம் எத்தகைய வாய்களில் எல்லாம் பொருந்தக்கூடியது என்பதை நற்செய்தி நமக்கு முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. மக்தாரா தனியே நடக்கிறான். பியர்ஸ் தனியே நடக்கவில்லை. அவரோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவரோடு செல்ல இசைந்திராத ஒரு நகரமும் இழுத்துச் செல்லப்பட்டது. நாடகத்தில் ஒரே பலி. தெருவில் 485. பியர்ஸின் இலக்கியத்தில் உள்ள முதன்மையான குறை இதுவே என்பது என் கருத்து. இது இறையியல் குறை மட்டுமன்று, இலக்கியக் குறையும்கூட. தன் கற்பனைக்குள் அடங்காத மனிதர்களை அவருடைய கலை காண மறுத்தது.

நம் திருச்சபையின் மரபு இத்தகைய சாவுகளைப் பற்றி என்ன சொல்லும்? அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க இயலாது. மறைச்சாட்சிக்கு விசுவாசம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டுமா என்று கேட்கும் புனித தாமஸ் அக்குவினாஸ், மனித நன்மை எதுவும் இறைவனை நோக்கித் திருப்பப்படும்போது மறைச்சாட்சிக்குக் காரணமாகலாம் என்று கதவைத் திறந்து வைக்கிறார். நாட்டின் நலனும் அதில் அடங்கும். ஆனால் அதே பகுதியின் தொடக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: பிறர் அநீதி செய்வதற்கு வாய்ப்பை உண்டாக்கித் தரலாகாது, அப்படி ஒரு வாய்ப்பு வந்து சேர்ந்தால் தாங்கிக்கொள்ளலாம். தொடக்கத் திருச்சபையும் இதில் உறுதியாக இருந்தது. புனித பொலிக்கார்ப்பின் சாவைப் பதிவு செய்த கிறிஸ்தவர்கள், தானாக முன்வந்து தன்னை ஒப்புக்கொடுத்துப் பின் அஞ்சிப் பின்வாங்கிய ஒருவனைப் பாராட்டவில்லை. புனித அகுஸ்தீன், சாவைத் தேடி ஓடிய தொனாத்துக் கூட்டத்தாரை நோக்கி, ஒருவர் பட்ட தண்டனையைப் பாராமல் அவர் அதைப் பட்ட காரணத்தையே பார்க்க வேண்டும் என்றார். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ பலியைப் பற்றிய கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டது. ஒரே முறை நிகழ்ந்தது அது. அதற்கு மறுபதிப்பு இல்லை. நாம் திருப்பலியில் செய்வது அதே பலியில் பங்கேற்பதுதான். புதிய பலி ஒன்றைத் தொடங்குவதன்று. நாட்டுக்காக இறப்பவர் நல்லவராக, வீரராக, ஏன், புனிதராகவும் இருக்கலாம். மீட்பராக இருக்க இயலாது.

இதை 1916-இலேயே உணர்ந்த ஒருவர் அங்கிருந்தார். அவர் கவிஞரல்லர்; பழைய அயர்லாந்து வரலாற்றை ஆய்ந்த பேராசிரியர். அந்த மக்நீல்தான். பிப்ரவரியில் அவர் எழுதிய குறிப்பாவணம் 1961-இல்தான் அச்சேறியது. வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று அறிந்தே உயிர்ப்பலிக்கு வழிவகுப்பது அறத்துக்கு மாறானது என்றும், நாட்டைக் கவிதையில் வரும் கற்பனைப் பெண்ணாக எண்ணி முடிவெடுக்கலாகாது என்றும் அதில் அவர் வாதிட்டார். நீதியான போருக்குரிய நிபந்தனைகளைக் குருமடத்தில் கற்ற எவருக்கும் இந்த வாதத்தின் எலும்புக்கூடு தெரியும். அந்த ஆண்டு எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு குறைவாக வாசிக்கப்பட்ட நல்ல உரைநடை வேறொன்று இருக்குமா என்று எனக்கு ஐயம்.

இவ்வளவு சொன்ன பின் பியர்ஸுக்கு நான் கடன்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். 1915 டிசம்பரில் ஐரோப்பியப் போர்க்களங்களில் பாய்ந்த குருதியை மண்ணுக்கு ஊட்டமளிக்கும் மதுவாகப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார் அவர். சகிக்கவொண்ணாத எழுத்து. தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி அதனை அறிவீனம் என்று அப்பொழுதே எள்ளினார். இரண்டே மாதங்களில் அவரும் இரத்தம் சிந்தாமல் மீட்பில்லை என்னும் தொனியில் எழுதத் தொடங்கியது வேறு கதை. ஆனால் ஏப்ரல் 29 அன்று பியர்ஸ் கையொப்பமிட்ட சரண் ஆணையை எடுத்துப் பாருங்கள். டப்ளின் மக்கள் மேலும் கொல்லப்படாமல் தடுப்பதற்காக என்று அது தொடங்குகிறது. உவமை இல்லை, மது இல்லை, பலிபீடம் இல்லை. தன் காவியத்தை ஒருவர் தன் கையாலேயே கிழித்துப் போட்டு, தெருவில் கிடப்பவர்களைப் பார்க்கிறார். பியர்ஸ் எழுதியவற்றுள் இந்தச் சில வரிகளையே நான் மிக உயர்ந்தவையாகக் கருதுகிறேன்.

அதன்பின் நான்கே நாள்கள். சிறையில் தம் தாய்க்காக ஒரு கவிதை எழுதினார். தன் குரலில் தன்னைப் பற்றி ஒரு பாடல் எழுதித் தரும்படி தாய் கேட்டிருந்தார் என்பது கடைசிக் கடிதத்தால் தெரிகிறது. அக்கவிதையில் தாய் மரியன்னையிடம் பேசுகிறாள். தன் மகனின் போக்கை மரியன்னையின் திருமகனின் போக்கோடு இணைத்துப் பேசுகிறாள். வியாகுல அன்னையின் முன் மண்டியிட்டுப் பழகிய நமக்கு அக்கவிதை எளிதில் நெஞ்சில் இறங்கும். நம் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடித் தாய் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். அவளுக்குத் துணையாக எந்தத் தெய்வத் தாயும் வருவதில்லை, மறம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பியர்ஸின் தாய்க்கு மரியா தேவைப்படுகிறார். எனக்கு நெருடுவது வேறு: மகன் எழுதிக் கொடுத்த குரலிலேதான் நாம் அந்தத் தாயைக் கேட்கிறோம். மே 3 அன்று மூத்த மகன் பாட்ரிக்கையும், மறுநாள் இளைய மகன் வில்லியமையும் பறிகொடுத்த மார்கரெட் பியர்ஸ் பின்னர் நாடாளுமன்றம் வரை சென்றார், பள்ளியை நடத்த நிதி திரட்டினார், 1932-இல் மறைந்தார். மகன் எழுதிய பாத்திரத்தை அவர் இறுதிவரை ஏற்று நடித்தார். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு மக்களைப் பறிகொடுத்த தாய் பேசுகிறாள் அல்லவா? அவள் பேச்சு அவளுடையது. கருவில் உயிர் உருவான விதம் தனக்கே தெரியாது என்று அவள் திகைக்கும் அந்தத் திகைப்பு பியர்ஸின் தாயிடம் இல்லை.

தெருவில் கிடந்தவர்களை இலக்கியத்துக்குள் கொண்டுவரப் பத்தாண்டுகள் ஆயின. கொண்டுவந்தவர் ஷான் ஓகேசி; டப்ளின் வறியோர் குடியிருப்புகளைத் தெரிந்தவர், பிறப்பால் புரொட்டஸ்டண்ட். 1926 பிப்ரவரியில் அபே அரங்கில் நடிக்கப்பட்ட ‘ஏரும் விண்மீன்களும்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம் ஒரு மதுக்கடையில் நிகழ்கிறது. வெளியே கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார். அவர் நிழலுருவம் மட்டும் சன்னலில் தெரிகிறது. பேச்சு பியர்ஸின் பேச்சுகளிலிருந்து எடுத்துத் தொடுத்தது. உள்ளே ஒரு விலைமகள் வியாபாரம் மந்தம் என்று முறையிடுகிறாள். புனிதச் சொற்கள் சன்னலுக்கு வெளியே. பசியும் காசநோயும் உள்ளே. கடைசி அங்கத்தில், கணவனையும் கருவில் இருந்த பிள்ளையையும் இழந்து மனம் கலங்கிய நோரா என்னும் பெண்ணைச் சன்னலருகிலிருந்து இழுத்துக் காக்க முற்பட்டுக் குண்டடிபட்டு இறப்பவள் பெஸ்ஸி பர்ஜஸ். ஆங்கில அரசுக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்த, வாய்த்துடுக்கு மிக்க பக்கத்துவீட்டுக்காரி. சாகும்போதும் நோராவைத் திட்டுகிறாள். அயலாருக்காக உயிர்கொடுக்கும் ஒரே சாவு அந்த நாடகத்தில் அதுதான். அதற்கு அவள் எந்தப் பெயரும் சூட்டவில்லை. பியர்ஸின் நாடகங்கள் அனைத்தையும்விட இந்த ஒரு காட்சியில் எனக்கு நற்செய்தி மிகுதியாகக் கேட்கிறது.

ஆயினும் ஓகேசியிடமும் ஓர் அநீதி உண்டு. நாடகத்தை எதிர்த்து அரங்கில் குரல் எழுப்பியோர் முன்னணியில் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் இருந்தார். பக்தியின் பெயரால் கூச்சலிட்ட கூட்டம் என்று யேட்ஸைப் போல் அவர்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஹன்னாவின் கணவர் பிரான்சிஸ் போரையே வெறுத்த அமைதியாளர். எழுச்சியில் சேராதவர். அந்த வாரத்தில் கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தொண்டர்களைத் திரட்ட வீதியில் இறங்கினார், கைது செய்யப்பட்டார், ஏப்ரல் 26 அன்று விசாரணையின்றி ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ஆணையால் சுடப்பட்டார். அரசு தரமுன்வந்த இழப்பீட்டை ஹன்னா மறுத்துவிட்டார். ஓகேசியின் நாடகத்தில் அந்தச் சூறையாடல் நகைச்சுவைக் காட்சியாக வருகிறது. தன் கணவர் உயிர்கொடுத்துத் தடுக்க முயன்றதைக் கண்டு அரங்கம் சிரிக்கும்போது ஒரு கைம்பெண் எழுந்து நின்றால், அவரைக் கலை அறியாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

யேட்ஸைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எழுச்சியின்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1916 செப்டம்பர் 25 என்று நாளிட்ட அவருடைய கவிதை முதலில் இருபத்தைந்து படிகள் மட்டும் தனிச்சுற்றுக்கு அச்சாகி, 1920-இல்தான் பொது வாசகர்களை எட்டியது. அதன் பெருமை அது தயங்குவதில் உள்ளது. ஓடும் நீரின் நடுவே அசையாது கிடக்கும் கல் ஒன்றை அவர் காட்டுகிறார். இறந்தோரின் உறுதியையும் அந்த உறுதி அவர்கள் நெஞ்சுக்குச் செய்ததையும் ஒரே படிமத்தில் வைத்துவிட்டு, இச்சாவுகள் வேண்டியிருந்தனவா என்று கேட்கவும் கேட்கிறார். 1902-இல் அவரும் கிரகரி சீமாட்டியும் எழுதிய நாடகத்தில், அயர்லாந்தே ஒரு கிழவியாக வந்து, மணநாளை எதிர்நோக்கியிருக்கும் இளைஞனைச் சாவுக்கு அழைத்துச் செல்கிறாள். பதினான்காண்டுகளில் அந்த மேடைக் காட்சி கில்மெய்னம் சிற்றாலயத்தில் உண்மையாயிற்று. தம் நாடகம் சிலரைச் சாவுக்கு அனுப்பியதோ என்று முதுமையில் யேட்ஸ் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். மறையுரை மேடையில் நிற்கும் எங்களைப் போன்றோர் அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

இங்கே நம்மைப் போன்ற ஒரு மாத இதழின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ‘கத்தோலிக்க புல்லட்டின்’ என்னும் டப்ளின் மாத இதழ் 1916-இன் நடுப்பகுதியிலிருந்து கொல்லப்பட்டோரின் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டது. அரசின் தணிக்கை இருந்ததால் அரசியலை எழுத இயலாது. ஆகவே அவர்களுடைய பக்தியை எழுதினார்கள். செபமாலை, நற்கருணை, கடைசி ஒப்புரவு. எழுதப்பட்டவை பெரும்பாலும் உண்மையே. கில்மெய்னத்தில் கப்புச்சின் குருக்கள் அவர்களுக்கு அருட்சாதனங்களை வழங்கியது உண்மை. ஆனால் பாதி உண்மையைத் தொடர்ந்து எழுதும்போது அது முழு வரலாறாகிவிடுகிறது. பக்தியாய் இறந்தவர்கள் என்பது, பக்திக்காக இறந்தவர்கள் என்று வாசகர் மனத்தில் மாறுவதற்குப் பெரிய தூரம் இல்லை.

அந்த வரலாற்றில் இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அதே ஆண்டு இரண்டு இலட்சத்தை எட்டும் அயர்லாந்து மக்கள் ஆங்கிலேயப் படையில் இருந்தனர். ஜூலை முதலிரு நாள்களில் சோம் களத்தில் அல்ஸ்டர் படைப்பிரிவைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். செப்டம்பர் 9 அன்று அதே களத்தில் கின்சி என்னும் ஊரருகே டாம் கெட்டில் இறந்தார். பேராசிரியர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், கத்தோலிக்கர், ஸ்கெஃபிங்டனின் சகலர். சகலர் சுடப்பட்ட அதே சீருடையை அணிந்தபடிதான் அவர் பிரான்சுக்குச் சென்றார். எழுச்சியாளர்கள் வீரர்களாக நினைக்கப்படுவார்கள், தாம் ஆங்கிலேய அதிகாரியாக மட்டும் நினைக்கப்படுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாவதற்குச் சில நாள்களுக்கு முன் மூன்று வயது மகளுக்கு எழுதிய பதினான்கடிக் கவிதையில், தம் சாவுக்கு எந்த அரசையும் காரணமாகக் காட்ட மறுத்துப் பெத்லகேமை நோக்கிக் கைகாட்டுகிறார். பியர்ஸ் கல்வாரியை எடுத்துக்கொண்டார். கெட்டில் மாட்டுத்தொழுவத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் தற்பெருமைக்கு இடம் குறைவு. டப்ளின் பூங்காவில் அவருக்கு வைக்கவிருந்த சிலை பல ஆண்டுத் தடைகளுக்குப் பின் 1937-இல்தான் இடம் பெற்றது.

பிரான்சிஸ் லெட்விட்ஜ் சாலைப்பணியாளராக இருந்து கவிஞரானவர். மக்டோனாவின் நண்பர். ஆங்கிலேயப் படையில் இருந்துகொண்டே, ஆங்கிலேயரால் சுடப்பட்ட நண்பருக்கு இரங்கற்பா எழுதினார். பலியும் இல்லை, கொடியும் இல்லை. சதுப்புநிலத்து நாரையினப் பறவை ஒன்றின் குரலை நண்பர் இனிக் கேட்கமாட்டார் என்பதே அதன் துயரம். அந்தப் பறவையைப் பற்றிய பழைய அயர்லாந்துப் பாடலை மக்டோனா மொழிபெயர்த்திருந்தார். இறந்தவரின் வேலையைத் தொட்டே அவருக்காக அழுகிறார். அந்த ஆண்டின் கவிதைகளுள் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியக் களத்தில் குண்டு விழுந்து லெட்விட்ஜ் இறந்தார். அன்று காலை அவர் நற்கருணை பெற்றிருந்ததைப் படைப்பிரிவின் ஆன்ம குரு குறித்து வைத்தார்.

பியர்ஸின் இறையியலை முதன்முதலில் நேர்நின்று எதிர்த்தவர்களுள் ஒருவர் ஓர் இயேசு சபைக் குரு. பழைய அயர்லாந்து மொழிப் பேராசிரியரான அருட்தந்தை பிரான்சிஸ் ஷா, எழுச்சியின் பொன்விழாவான 1966-இல் இயேசு சபையாரின் ‘ஸ்டடீஸ்’ காலாண்டிதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார். நாட்டுப்பற்றாளரைக் கிறிஸ்துவோடு ஒப்பவைப்பது கிறிஸ்தவ மரபுக்கு முரண் என்றார். கெட்டில் போன்றோரையும் மக்நீல் போன்றோரையும் தள்ளிவைக்கும் வரலாறு அரைகுறை வரலாறு என்றார். விழாக்காலத்துக்குப் பொருந்தாது என்று அக்கட்டுரை நிறுத்தி வைக்கப்பட்டது. 1970-இல் அவர் இறந்தார். 1972-இல் கட்டுரை வெளிவந்தது. அதற்குள் வட அயர்லாந்தில் துப்பாக்கிகள் மீண்டும் பேசத் தொடங்கியிருந்தன. அந்த ஓராண்டில் மட்டும் அங்கே நானூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ஷாவின் கட்டுரையில் சினம் மிகுதி, பியர்ஸின் நற்பண்புகளுக்குப் போதிய இடமில்லை என்பது என் குறை. ஆனால் 1966-இலேயே அது அச்சாகியிருக்க வேண்டும். திருச்சபை இதழ் ஒன்று தன் குரு எழுதிய உண்மையை ஆறாண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்தது என்பது நமக்குத் தொலைவான செய்தியாகத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. மே 12 அன்று கானலி கொல்லப்பட்டார். கால் எலும்பு சிதைந்து நிற்க முடியாத நிலையில் நாற்காலியில் அமர்த்திச் சுட்டார்கள். வாழ்நாள் முழுதும் மார்க்சியராக வாழ்ந்தவர். கடைசி நாள்களில் அருட்சாதனங்களைப் பெற்றார். உம்மைச் சுடப்போகும் படைவீரர்களுக்காகச் செபிப்பீரா என்று உடனிருந்த கப்புச்சின் குரு கேட்டார். தன் கடமையைச் செய்யும் துணிவுள்ளோர் அனைவருக்காகவும் செபிப்பதாக அவர் கூறியதைப் பின்னர் அக்குரு பதிவு செய்தார். பியர்ஸ் கல்வாரியைத் தம் கவிதைகளில் எவ்வளவோ தேடினார். அவருடைய பாடல்களிலும் நாடகங்களிலும் நான் தேடிக் காணாத ஒன்று, கல்வாரியில் முதலில் ஒலித்த அந்த மன்றாட்டு. அது இங்கே, உவமை எழுதத் தெரியாத ஒரு தொழிற்சங்கத்தாரின் வாயில், அரைகுறையாக, ஒரு குரு கேட்ட பின்னரே வருகிறது.

பிளங்கெட்டின் கவிதையை இன்றும் பெரிய வெள்ளியன்று வாசிக்கிறேன். இப்போதெல்லாம் வாசித்து முடித்தபின் எழுதியவரின் பெயரையும், அவர் இறந்த நாளையும், அந்த வாரத்தில் டப்ளின் தெருக்களில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். கோவிலில் சற்று நேரம் ஓர் அசௌகரியமான அமைதி நிலவுகிறது. அதன்பின் சிலுவை ஆராதனையைத் தொடங்குகிறோம்.